துப்பாக்கி யார் கையில்? 'தீவார்' வகைப் படங்களை எங்கிருந்து தொடங்கலாம்

கேள்வி இது: "'தீவார்' பார்த்தேன், பிடித்தது. ஆனால் 'மதர் இந்தியா', 'கங்கா ஜம்னா' இரண்டையும் சேர்த்து அரைத்த மாவுதான் அது என்கிறார்கள். உண்மையா? குடும்பம், குற்றம், திருந்துதல் என்று இதே வகையில் வேறு எந்தப் பழைய இந்திப் படங்களைப் பார்க்கலாம்? எந்த வரிசையில்?"

மாவு அதேதான். 'தீவாரை' எழுதிய சலீம்–ஜாவேத் இருவரும் அதை ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் வார்க்கலாம். வித்தியாசத்தைப் பிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: கடைசி ரீலில் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது?

'மதர் இந்தியா'வில் (1957) தாயின் கையில். 'கங்கா ஜம்னா'வில் (1961) தம்பியின் கையில். 'தீவாரி'ல் (1975) சுடுவது தம்பி, ஆனால் துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பது அம்மா. 'சக்தி'யில் (1982) அப்பா. இவர்களுக்கெல்லாம் முன்னோடியான 'ஆவாரா'வில் (1951) யாரும் சுடுவதில்லை, கதாநாயகன் மூன்று வருடம் ஜெயிலுக்குப் போகிறான். போலீஸ், கோர்ட், சட்டம் எல்லாம் இந்தப் படங்களில் உண்டு. ஆனால் கணக்கை முடிப்பது எப்போதும் வீட்டு ஆள்தான். காரணம், குற்றம் தெருவில் தொடங்குவதில்லை. வீட்டுக்குள் நடந்த ஒரு அநியாயத்தில் தொடங்குகிறது. வெளியாள் சுட்டால் கேஸ் முடியும், கதை முடியாது.

'தீவார்' பார்த்தாகிவிட்டது என்பதால் அடுத்து 'மதர் இந்தியா'வுக்குப் போங்கள். மெஹபூப் கான் 1940இல் தானே எடுத்த 'அவுரத்' படத்தைத் திரும்ப எடுத்தது அது. வட்டிக்காரன் சுகிலாலாவாக இரண்டிலும் ஒரே நடிகர், கன்ஹையாலால். பதினேழு வருடம் கழித்தும் அந்த வேடத்துக்கு வேறு ஆள் தேடத் தோன்றவில்லை. கதையின் அச்சாணி ஒரு கடன். கல்யாணச் செலவுக்கு மாமியார் வாங்கிய 500 ரூபாய். அதற்கு வட்டியாக விளைச்சலில் முக்கால் பங்கு போக வேண்டும் என்று பஞ்சாயத்தே தீர்ப்பளிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத வீடு, கணக்குப் புத்தகம் வட்டிக்காரன் கையில். பிர்ஜு (சுனில் தத்) சின்ன வயதிலிருந்தே அந்தப் புத்தகத்தைத்தான் பகையாளியாகப் பார்க்கிறான். அம்மாவின் அடகுபோன வளையல்தான் அவன் கண்ணில் நிற்கும் உருவம். கொள்ளைக்காரனாகி, சுகிலாலாவைக் கொன்று, அவன் மகளைக் கல்யாண நாளில் தூக்கிக்கொண்டு குதிரையில் போகிறான். அம்மா ராதா (நர்கீஸ்) சுடுவது அப்போதுதான்.

பலரும் தவறவிடுவது இந்த இடத்தை. கொலைக்காக அவள் சுடவில்லை. கொள்ளைக்காகவும் இல்லை. ஊர்ப் பெண்ணின் மானத்துக்காகச் சுடுகிறாள். மகனைக் கொடுப்பேன், மானத்தைக் கொடுக்கமாட்டேன் என்பது அவள் வாதம். இந்தி வசனத்தில் 'லாஜ்' என்ற சொல் வரும்போதெல்லாம் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். சப்டைட்டிலில் அது ஒருமுறை 'வெட்கம்' ஆகும், இன்னொருமுறை 'கௌரவம்' ஆகும், மூன்றாவது முறை காணாமலே போகும். படம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. தமிழில் 'மானம்' என்று படித்துக்கொண்டால் எல்லாம் ஒரு கோட்டில் வந்துவிடும்.

(நர்கீஸ் பிறந்தது 1929 ஜூன் 1, சுனில் தத் அதே வருடம் ஜூன் 6. மகனைவிட ஐந்தே நாள் மூத்த அம்மா. அதே போல் 'சக்தி'யில் அம்மாவாக வரும் ராக்கி, மகனாக வரும் அமிதாப்பைவிட வயதில் இளையவர். இந்தி சினிமாவில் தாய்மைக்கு வயது வரம்பு கிடையாது.)

'கங்கா ஜம்னா'வின் வேலை வேறு. தாயை முதலிலேயே எடுத்துவிடுகிறது. திருட்டுப் பழி சுமத்தப்பட்ட அவமானம் தாங்காமல் அவள் இறந்துபோகிறாள். அண்ணன் கங்கா (திலீப் குமார்) உழைத்துத் தம்பியைப் படிக்க வைக்கிறான். தன்னோவை (வைஜயந்திமாலா) ஜமீன்தாரிடமிருந்து காப்பாற்றியதற்காகப் பொய் வழக்கில் ஜெயிலுக்குப் போய், கடைசியில் கொள்ளைக் கூட்டத்தில் சேர்கிறான். அவன் பணத்தில் படித்த தம்பி ஜம்னா போலீஸ் அதிகாரியாக வந்து நிற்கிறான். தம்பியாக நடித்தவர் திலீப் குமாரின் சொந்தத் தம்பி நாசிர் கான். பெயருக்கு நிதின் போஸ் இயக்கம் என்றாலும் தயாரிப்பு, கதை எல்லாம் திலீப் குமார். அவர் இதில் பேசுவது சினிமா இந்தி இல்லை, அவதி வட்டார வழக்கு. இந்தி ஓரளவு தெரிந்தவர்களும் முதல் அரை மணி நேரம் தடுமாறுவார்கள். தஞ்சாவூர்க்காரருக்குக் குமரி மாவட்டப் பேச்சு காதில் விழுந்த மாதிரி. சப்டைட்டிலோடு பாருங்கள். ஆனால் தம்பி படித்து வந்து பேசும் நகரத்து இந்திக்கும் அண்ணனின் பேச்சுக்கும் உள்ள இடைவெளியைக் காது கவனிக்கட்டும். 'தீவார்' என்ற பெயருக்கே சுவர் என்றுதான் பொருள். இங்கே சுவர் பேச்சு வழக்கிலேயே எழும்பி நிற்கிறது.

மனைவி கர்ப்பம் என்று தெரிந்ததும்தான் கங்கா ஊர் திரும்பி மன்னிப்புக் கேட்க முடிவெடுக்கிறான். 'தீவாரி'ல் அண்ணன் விஜய் (அமிதாப்) சரணடையத் தீர்மானிப்பதும் காதலி அனிதா தாயாகப்போகிறாள் என்று தெரிந்த பிறகுதான். இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள உண்மையான ரத்த சம்பந்தம் இது. போலீஸ் தம்பி என்பதை ஆயிரம் படங்களில் எடுத்துப் போட்டார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தன் பழி ஒட்டக்கூடாது என்று நினைத்த நேரத்தில் குற்றவாளி வீடு திரும்புவதையும், அதற்குள் வாசல் அடைபடுவதையும் எடுத்தவர்கள் குறைவு. கங்கா ஜம்னாவைத் தமிழில் 'இரு துருவம்' (1971) ஆகச் சிவாஜி செய்தார். 'தீவார்' ரஜினிக்கு 'தீ' (1981) ஆனது.

இனி 'தீவாரை'யே இரண்டாவது முறை பாருங்கள். இந்த முறை வசனத்துக்காக வேண்டாம், கையெழுத்துக்காகப் பாருங்கள். தொழிற்சங்கத் தலைவரான அப்பா ஆனந்த் பாபு, குடும்பத்தைப் பிடித்துவைத்து மிரட்டியதால் முதலாளியின் தாளில் கையெழுத்துப் போடுகிறார். அந்த ஒரு கையெழுத்துதான் படத்தின் ஆதிப் பாவம். தொழிலாளர்கள் துரோகி என்று அடிக்கிறார்கள், அவர் ஊரைவிட்டு ஓடுகிறார், மூத்த பையனின் கையில் 'என் அப்பன் திருடன்' என்று பச்சை குத்துகிறார்கள். பச்சையும் ஒரு கையெழுத்துதானே, மற்றவர்கள் அவன்மேல் போட்டது. பிற்பாதியில் போலீஸ் தம்பி ரவி (சசி கபூர்) அண்ணனின் முன் ஒரு வாக்குமூலத் தாளை நீட்டி, கையெழுத்துப் போடு என்கிறான். விஜய் மறுக்கும்போது சொல்லும் காரணம் வெறும் வீறாப்பு இல்லை. அப்பாவிடம் கையெழுத்து வாங்கியவன், அம்மாவை வேலையிலிருந்து விரட்டியவன், என் கையில் இதை எழுதியவன், முதலில் அவர்களிடம் போய்க் கையெழுத்து வாங்கி வா, பிறகு நான் போடுகிறேன். மூன்று பேரை வரிசையாகச் சொல்கிறான். அப்பாவுக்கு மறுக்க முடியாதது மகனுக்கு முடிகிறது. அதனாலேயே அவன் அழிகிறான். திரைக்கதை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: முதல் பத்து நிமிடத்தில் ஊன்றிய விதை இரண்டு மணி நேரம் கழித்து வேறொரு ஆளின் வாயில் முளைக்கிறது.

'என்னிடம் அம்மா இருக்கிறாள்' என்று ரவி அண்ணனுக்குச் சொல்லும் பதில் ஊரெல்லாம் தெரிந்தது. ஆனால் ரவி ஏன் நல்லவனாக நிற்கிறான் என்பதைப் படம் நிறுவுவது அந்த இடத்தில் இல்லை. ஓடும் ஒரு பையனைத் திருடன் என்று காலில் சுடுகிறானே, அங்கே. பையன் திருடியது ரொட்டி. ரவி கூனிக்குறுகிச் சாப்பாட்டோடு அந்த வீட்டுக்குப் போகிறான். பையனின் அம்மா திட்டித் தீர்க்கிறாள். ஓய்வுபெற்ற வாத்தியாரான அப்பாவோ (ஏ.கே. ஹங்கல்) திருட்டு திருட்டுதான், ஒரு ரொட்டியானாலும் லட்ச ரூபாயானாலும் என்கிறார். அதுவரை அண்ணன் கேஸை எடுக்கத் தயங்கிய ரவி அந்த வீட்டிலிருந்து வெளியே வந்துதான் எடுக்கிறான். கவனியுங்கள்: வாத்தியாரின் நியாயத்துக்கு ரவி தலைவணங்கினாலும், திட்டிய அம்மாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பெரிய திருடர்கள் பங்களாவில் இருக்க ரொட்டி எடுத்த பையன் சுடுபடுகிறான் என்ற அவள் கேள்வி அப்படியே நிற்கிறது. விஜய்மேல் நமக்குக் கடைசிவரை கோபம் வராததற்கு அமிதாப் பாதிக் காரணம், அந்தப் பதில் கிடைக்காத கேள்வி மீதிப் பாதி.

முடிவு. ரவியின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும் அம்மா சுமித்ரா (நிரூபா ராய்), சுடும்போது உன் கை நடுங்காமல் இருக்கட்டும் என்கிறாள். அடுத்த மூச்சில், பெண் தன் கடமையைச் செய்துவிட்டாள், இனி தாய் தன் மகனுக்காகக் காத்திருக்கப் போகிறாள் என்று கோவிலுக்குக் கிளம்புகிறாள். 'மதர் இந்தியா'வில் ஒரே உடம்பில் ஒரே நொடியில் நடந்ததை இங்கே இரண்டு வாக்கியமாக, இரண்டு இடமாகப் பிரித்துவிட்டார்கள். ஆணையிட்டவள் வேறு, மடியில் ஏந்துகிறவள் வேறு. அம்மா உயிருக்குப் போராடிய ஒருமுறை தவிர, படம் முழுக்கக் கோவில் படிக்கட்டோடு நின்றுகொண்டவன் குண்டடிபட்டு உள்ளே வந்து அம்மா மடியில் சாகிறான். நிரூபா ராய் அதற்கு முன் புராணப் படங்களில் பார்வதி போன்ற தெய்வ வேடங்களில் பேர் வாங்கியவர். கோவில் காட்சியில் அந்த முகத்தைப் பார்த்த 1975ஆம் வருடத்து ரசிகனுக்கு அந்த நினைவும் கூடவே வந்திருக்கும்.

விஜய் வைத்திருக்கும் கூலி வில்லையின் எண் 786 பற்றி ஒரு வரி: இஸ்லாமியர்கள் புனிதமாகக் கருதும் எண், துறைமுகத்தில் ரஹீம் சாச்சா அதன் மகிமையை விஜய்க்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஒருமுறை உயிர் காக்கிறது. கடைசியில் கை நழுவி விழுந்த பிறகுதான் குண்டு பாய்கிறது.

கள்ளக்கடத்தல் ஏன் அந்தக் காலப் படங்களில் இவ்வளவு வருகிறது என்று இன்று பார்க்கிறவர்களுக்கு விளங்காது. 1968ஆம் வருடத்துத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பொதுமக்கள் தங்கக் கட்டி வைத்திருக்கவே கூடாது. உள்ளூர் விலைக்கும் வெளி விலைக்கும் பெரிய வித்தியாசம், கடல் வழியே தங்க பிஸ்கட் வந்தது. கடத்தல்காரர்களைத் தடுப்புக் காவலில் வைக்க 'காஃபிபோசா' சட்டம் வந்தது 1974 டிசம்பரில். 'தீவார்' வெளியானது 1975 ஜனவரி 24. செய்தித்தாளின் மை காயாத நேரம். விஜய் பாத்திரத்துக்கு ஹாஜி மஸ்தானின் சாயல் உண்டு என்பது அப்போதிருந்தே உலவும் பேச்சு. பம்பாய்த் துறைமுகத்தில் கூலியாகத் தொடங்கிய அவர் பிறந்தது ராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளம். 1990இல் அந்தத் தங்கச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். கடத்தல்கார வில்லனும் அத்தோடு மெல்ல வேலையிழந்தார்.

இந்த மூன்றுக்குப் பிறகு பின்னோக்கி 'ஆவாரா'. ராஜ் கபூர் இயக்கி நடித்தது, கே.ஏ. அப்பாஸ் எழுதியது. திருடன் மகன் திருடனாகத்தான் இருப்பான் என்று நம்பும் நீதிபதி ரகுநாத், ஜக்கா என்பவனுக்கு அந்த எண்ணத்தோடு தண்டனை கொடுத்தவர். பழிவாங்க ஜக்கா நீதிபதியின் மனைவியைக் கடத்தி, அவள் கர்ப்பிணி என்று அறிந்து திருப்பி அனுப்பிவிடுகிறான். கணவர் சந்தேகப்பட்டு அவளைத் தெருவுக்கு விரட்டுகிறார். சேரியில் பிறந்து வளரும் நீதிபதியின் பிள்ளையை ஜக்காவே திருடனாக்குகிறான், உன் சித்தாந்தம் தப்பு என்று காட்டுவதற்காக. அப்பா–மகனாக நடித்தவர்கள் நிஜ அப்பா–மகன் பிருதிவிராஜ், ராஜ் கபூர். சின்ன வயது ராஜ் யாரென்றால் சசி கபூர், பின்னாளில் 'தீவாரி'ல் போலீஸ் தம்பியாக வந்தவர். படத்தின் கதை நீதிபதியைக் கொல்ல முயன்ற வழக்கு விசாரணையில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. ராஜுக்காக வாதாடுவது ரீட்டா (நர்கீஸ்). சட்டப்படி இதெல்லாம் நடக்குமா என்று கேட்காதீர்கள். காதலனுக்குக் காதலி வக்கீல், சொந்த அண்ணனின் கேஸுக்குத் தம்பி விசாரணை அதிகாரி, இந்தி சினிமாவின் கோர்ட் எப்போதும் அந்த வீட்டின் கூடம்தான்.

'ஆவாரா'வில் செய்யக்கூடாத தவறு, பாட்டு வந்ததும் ஓட்டிவிடுவது. மேகப் படிகளும் ராட்சதச் சிலைகளுமாக வரும் கனவுக் காட்சி ஒன்பது நிமிடத்தை ஒட்டி ஓடும். மூன்று பகுதிகள்: பிரிவின் நிலவொளி, நெருப்புக்கு நடுவே எனக்கு இந்த நரகம் வேண்டாம் என்ற கதறல், கடைசியாக வீடு திரும்பும் பாட்டு. அது முடியும்போது ஜக்கா கத்தியோடு வந்து நிற்கிறான். திருந்த நினைப்பதும் திருந்த விடாததும் அந்த ஒன்பது நிமிடத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை ஓட்டிவிட்டால் பிற்பாதியில் ராஜ் திருட்டை விட முயல்வது திடீரென்று நடப்பதாகத் தோன்றும்.

கடைசியாக 'சக்தி'. ரமேஷ் சிப்பி இயக்கம், மறுபடியும் சலீம்–ஜாவேத். வசூலில் 'தீவார்' அளவுக்குப் பேசப்படாவிட்டாலும் எழுத்தில் அதைவிடக் கறாரானது என்பது என் கட்சி. வில்லன் கும்பல் சிறுவன் விஜயைக் கடத்திவைத்து, போலீஸ் அப்பாவுக்கு (திலீப் குமார்) போன் போட்டுக் கைதியை விடச் சொல்கிறது. என் மகன் செத்தாலும் சட்டத்தை விடமாட்டேன் என்று அவர் சொல்வது மறுமுனையில் பையன் காதிலேயே விழுகிறது. அந்த நேரத்தில் அவர் அழைப்பு வந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கிளம்புகிறார் என்பது பையனுக்குத் தெரியாது. பசி இல்லை, வட்டி இல்லை, ஜமீன்தார் இல்லை. ஒரு வாக்கியம், அதைக் கேட்ட காது, அவ்வளவுதான் குற்றத்தின் வேர். தப்பிக்க விட்டது கும்பலில் ஒருவன் (நாரங்). வளர்ந்தபின் விஜய் அவனுக்கு வேலை செய்வதற்கும் அதுவே நியாயம். தாய் இறந்தபின் விலங்கோடு வரும் மகனும் அப்பாவும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. இரண்டு பெரிய வசன நடிகர்களை வைத்துக்கொண்டு வசனமே எழுதாமல் விட்ட துணிச்சலுக்காகவே அதைப் பார்க்கலாம். விமான நிலையத்தில் அப்பா சுடுகிறார்.

தமிழர்களுக்கு இந்தக் கரு புதிதல்ல. கடமை தவறாத போலீஸ் அப்பா, தடம் புரண்ட மகன், அப்பாவின் கையாலேயே முடிவு: மகேந்திரன் எழுதி பி. மாதவன் இயக்கிய 'தங்கப்பதக்கம்' வந்தது 1974இல், 'சக்தி'க்கு எட்டு வருடம் முன்பு. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். சிவாஜி உடைவது முகத்தில் தெரியும். திலீப் குமார் உடைவது தோளில் தெரியும்.

'ஆவாரா' தவிர இவை எல்லாமே சாவில் முடிகின்றன, வேறு யாராவது உயிரோடு திருந்துவார்களா என்று கேட்டால் இரண்டு உண்டு. சாந்தாராமின் 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' (1957), ஆறு கொலைக் கைதிகளைத் திறந்த வெளியில் விவசாயம் செய்ய வைக்கும் ஜெயிலரின் கதை. அவுந்த் சமஸ்தானத்தில் நடந்த திறந்தவெளிச் சிறைப் பரிசோதனைதான் மூலம். எம்.ஜி.ஆரின் 'பல்லாண்டு வாழ்க' இதன் தமிழ் வடிவம். இன்னொன்று துலால் குஹாவின் 'துஷ்மன்'. குடித்துவிட்டு லாரி ஓட்டி ஒரு விவசாயியைக் கொன்ற டிரைவருக்கு (ராஜேஷ் கன்னா), செத்தவன் குடும்பத்தோடு இருந்து உழைத்துப் போடு என்று நீதிபதி தீர்ப்பளிக்கிறார். அஜாக்கிரதையால் சாவு என்பது அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304–ஏ பிரிவு, அதிகபட்சம் இரண்டு வருடச் சிறை. செத்தவன் வீட்டில் உழைப்பது என்ற தண்டனை எந்தப் பிரிவிலும் கிடையாது. ஆனால் அந்தப் பொய்யில்தான் படத்தின் உயிர். ஜெயிலில் இருந்தால் அந்த விதவையின் (மீனா குமாரி) முகத்தை அவன் தினம் பார்க்க வேண்டியிருக்காது. இங்கே விடிந்தால் பார்த்தாக வேண்டும். தமிழில் 'நீதி' (1972).

பார்க்கும்போது இரண்டு விஷயம். 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' தவிர மற்றவை மூன்று மணி நேரத்தை ஒட்டியவை. இணையத்தில் அவற்றுக்கு இரண்டேகால் மணி நேரத்துக்குள் ஓடும் பிரதி கிடைத்தால் பாட்டும் கிளைக்கதையும் வெட்டுப்பட்டிருக்கும், வேறு பிரதி தேடுங்கள். 'ஆவாரா'வுக்கு வண்ணம் பூசிய பதிப்பு எதுவும் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். ராது கர்மாகரின் கேமரா கறுப்பு–வெள்ளை நிழலை வைத்துத்தான் அந்த நீதிபதியின் வீட்டைச் சிறையாகக் காட்டியிருக்கிறது.

இன்னொன்று, கடைசி நிமிடத்தில் போலீஸ் ஓடிவந்து சட்டம் பேசினால் உடனே கதாசிரியரைத் திட்டாதீர்கள். 'ஷோலே'யின் முடிவே அவசரநிலைக் காலத்துத் தணிக்கையால் மாறியதுதான். தாக்கூர் கொள்ளைக்காரன் கப்பரைக் கொல்வதாக எடுத்திருந்ததை, போலீஸ் வந்து கைது செய்வதாகத் திருப்பி எடுத்தார்கள்.